ஹுன்ட்-போஸ்னன் குலத்தின் வேரும் கிளைகளும்: ஒரு ஸ்லோவாக் பிரபுக் குடும்பத்தைத் தடம் பிடிக்க முழுமையான வழிகாட்டி

997ஆம் ஆண்டு வாக்கில் ஹ்ரோன் ஆற்றங்கரையில் ஓர் இளவரசனின் இடுப்பில் இரண்டு வீரர்கள் வாளைக் கட்டிவிட்டார்களாம். அந்த இளவரசன்தான் பின்னாளில் ஹங்கேரியின் முதல் மன்னரான புனித ஸ்டீபன். வாள் கட்டிய இருவர் ஹுன்ட், போஸ்னன். இன்றைய ஸ்லோவாக்கியாவின் மேற்குப் பகுதியில் பல நூறு ஆண்டுகள் கோட்டைகளும் திராட்சைத் தோட்டங்களும் மடங்களும் வைத்திருந்த ஒரு பெரிய குலம் இந்த இருவரிடமிருந்துதான் தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. ஆனால் வாள் கதையைச் சொல்லும் நூல் அந்த நிகழ்ச்சிக்குச் சுமார் 300 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது.

இடைக்கால ஸ்லோவாக் குடும்ப வரலாற்றைத் தொடுகிற எவருக்கும் இந்த 300 ஆண்டு இடைவெளிதான் முதல் சிக்கல். கதை முழுசாக இருக்கும், சான்று துண்டு துண்டாக இருக்கும். இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது, ஒரு குலம் கிளைகளாகப் பிரிந்த விதத்தை எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்று ஹுன்ட்-போஸ்னன் குலத்தையே உதாரணமாக வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம். வேறு குடும்பத்தைத் தேடுகிறவர்களுக்கும் இதே வழி உதவும்.

முதல் படி: ஊர்ப்பெயர்களைச் சரிசெய்யுங்கள்

'ஸ்லோவாக் பிரபுக் குடும்பம்' என்பது இன்று நாம் வசதிக்காகச் சொல்லும் பெயர். அந்தக் காலத்தில் ஸ்லோவாக்கியா என்று தனி நாடு கிடையாது. 11ஆம் நூற்றாண்டு முதல் 1918 வரை இந்த நிலப்பகுதி ஹங்கேரி அரசின் பகுதியாக இருந்தது. பிரபுக்கள் ஹங்கேரி அரசின் பிரபுக்கள். எழுத்து லத்தீனில் நடந்தது. வீட்டிலும் தெருவிலும் ஸ்லாவிய மொழி, ஹங்கேரியம், ஜெர்மன் மூன்றும் கலந்து புழங்கின. அதனால் 'இவர்கள் ஸ்லோவாக்கியரா, ஹங்கேரியரா?' என்ற கேள்வியோடு ஆரம்பித்தால் பாதி வழியில் மாட்டிக்கொள்வீர்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வோர் ஊருக்கும் எத்தனை பெயர்கள் உண்டு என்று முதலில் ஒரு பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள்.

நம் குலத்துக்கு வேண்டிய பட்டியல் சிறியதுதான். இன்றைய ஸ்வேட்டி யூர் ஹங்கேரியத்தில் ஸென்ட்ஜோர்ஜ், ஜெர்மனில் ஸாங்க்ட் கேயோர்கன். மூன்றுக்கும் 'புனித ஜார்ஜ்' என்றே பொருள். பெசினோக் ஹங்கேரியத்தில் பாஸின், ஜெர்மனில் பேஸிங். கீமெஷ் கோட்டை ஹங்கேரியத்திலும் ஏறக்குறைய அதே பெயர்தான், கீமெஷ். பீன்யா என்ற ஊர் ஹங்கேரியத்தில் பேன். ப்சோவீக் ஹங்கேரியத்தில் போசோக். குலத்தின் பெயரே ஸ்லோவாக் நூல்களில் ஹுன்ட்-போஸ்னன் என்றும், ஹங்கேரிய நூல்களில் ஹொன்ட்-பாஸ்மான் என்றும் வரும். இந்தப் பட்டியல் கையில் இல்லாமல் தேடினால் ஒரே குடும்பத்தை மூன்று குடும்பங்கள் என்று நினைத்துவிடுவோம்.

இரண்டாம் படி: மூலத்தைச் சொல்லும் சாட்சிகளை வயதுப்படி அடுக்குங்கள்

குலத்தின் தோற்றம் பற்றிப் பல நூல்கள் பேசும். அவற்றில் எது பழையது, எது பிந்தியது என்று வரிசைப்படுத்துவதுதான் இந்தப் படி. அவசரப்படாமல் செய்யுங்கள், முழு வேலையிலும் முக்கியமான இடம் இதுதான்.

இருப்பதிலேயே பிரபலமான கதை கேசாய் சைமன் என்ற அரசவைக் குருவானவர் எழுதிய வரலாற்று நூலில் இருக்கிறது. அவர் 1272 முதல் 1290 வரை ஆண்ட நான்காம் லாடிஸ்லாவின் அவையில் இருந்தவர். ஹுன்டும் போஸ்னனும் உடன்பிறந்த சகோதரர்கள், ஜெர்மானிய நிலமான ஸ்வாபியாவிலிருந்து வந்த வீரர்கள் என்கிறார். தங்கள் ஆட்களோடு கடல் கடந்து போகும் வழியில் ஹங்கேரிக்குள் வந்தார்களாம். ஸ்டீபனின் தந்தை கெய்ஸா அவர்களைப் போகவிடாமல் தன்னிடமே வைத்துக்கொண்டாராம். பிறகு ஹ்ரோன் ஆற்றில் ஜெர்மானிய முறைப்படி ஸ்டீபனுக்கு வாள் கட்டினார்களாம். 14ஆம் நூற்றாண்டின் ஓவிய வரலாற்று நூலும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. ஸ்டீபனை எதிர்த்து நின்ற உறவினர் கொப்பானியுடன் நடந்த போரில் இந்த இருவரும் இளவரசனின் மெய்க்காவலர்களாக இருந்தார்கள் என்றும் அதில் வருகிறது.

இப்போது கதையை நிறுத்திவிட்டு அதன் நிறத்தைப் பாருங்கள். 'கடல் கடந்து போகும் வீரர்கள்' என்பது சிலுவைப் போர்க் காலத்துப் பேச்சு. முதல் சிலுவைப் போருக்கு அழைப்பு வந்ததே 1095இல்தான். வாள் கட்டி வீரப்பட்டம் சூட்டும் சடங்கும் 12, 13ஆம் நூற்றாண்டுகளின் வாடை அடிக்கிறது. சைமன் தன் காலத்துப் பிரபுக்கள் தங்கள் முன்னோர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டதை எழுதினார் என்று எடுத்துக்கொள்வதே நியாயம். பொய் சொன்னார் என்று சொல்லவில்லை. அவர் காதில் விழுந்தது அவர் காலத்து வடிவம், அவ்வளவுதான்.

இரண்டாவது சாட்சி இதைவிடப் பழையது, சுருக்கமானது, அதனாலேயே எனக்கு மிகவும் பிடித்தது. பன்னொன்ஹால்மா பெனடிக்டின் மடத்துக்கு ஸ்டீபன் கொடுத்ததாக 1001ஆம் ஆண்டைத் தாங்கிய ஒரு சாசனம் இருக்கிறது. அதில் மன்னரின் அருகில் நின்ற தலைவர்கள் என்று மூன்று பெயர்கள் வருகின்றன: போஸ்னன், குன்ட், ஓர்ஸ். குன்ட் என்பது ஹுன்ட்தான் என்று கருதுகிறார்கள். நம் கைக்கு வந்திருக்கும் பிரதி பிற்காலத்தில் சில வரிகள் சேர்க்கப்பட்டது, அதை மறக்கக்கூடாது. ஆனாலும் கவனியுங்கள். இந்தச் சாசனத்தில் ஸ்வாபியா இல்லை, கடல் பயணம் இல்லை, 'சகோதரர்கள்' என்ற சொல்கூட இல்லை. நம் இருவரும் ஓர்ஸோடு சேர்ந்து மன்னர் பக்கத்தில் நிற்கிறார்கள், அவ்வளவே. போஸ்னன் பெயர்தான் முதலில் வருகிறது.

மூன்றாவது சாட்சி பெயர்களே. போஸ்னன் தெளிவான ஸ்லாவியப் பெயர். 'அறிதல்' என்ற பொருளுடைய ஸ்லாவிய வேரிலிருந்து வருவது. போலந்தின் போஸ்னான் நகரமும் இப்படி ஓர் ஆள் பெயரிலிருந்தே பெயர் பெற்றது. ஹுன்ட் என்ற பெயரில் ஜெர்மானிய ஒலி இருக்கிறது. போஸ்னன் என்ற ஸ்லாவியப் பெயரை வைத்துத்தான் ஸ்லோவாக் வரலாற்றாளர்கள் பலர் ஸ்வாபியக் கதையை ஏற்கவில்லை. இன்றைய மேற்கு ஸ்லோவாக்கியாவின் நித்ரா பகுதியில் ஹங்கேரி ஆட்சி வருவதற்கு முன்பிருந்தே செல்வாக்கோடு இருந்த உள்ளூர்த் தலைவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள் என்பது அவர்கள் வாதம். ஸ்டீபன் போன்ற ஓர் இளவரசனுக்கு நித்ராப் பக்கத்துப் படை உடனடியாகத் தேவைப்பட்டிருக்கும் என்பது அந்த வாதத்துக்கு வலு. ஹங்கேரிய ஆய்வில் நீண்ட காலம் ஸ்வாபிய மூலமே வழக்கில் இருந்தது.

என் எண்ணத்தைக் கேட்டால், உள்ளூர் மூலம் என்ற பக்கத்துக்குத்தான் தராசு சாய்கிறது. காரணம் பெயர் மட்டுமில்லை. நித்ரா முதல் ஹ்ரோன் வரை, அங்கிருந்து இபெல் ஆறு வரை, குலத்தின் பழைய நிலங்கள் ஒரே பரப்பில் அடர்த்தியாகக் கிடக்கின்றன. ஹொன்ட் என்ற மாவட்டத்தின் பெயரே ஹுன்டிடமிருந்து வந்தது. இருந்தாலும் இது ஊகம் என்ற சொல்லைப் பக்கத்தில் எழுதிவிட்டுத்தான் அடுத்த படிக்குப் போக வேண்டும்.

மூன்றாம் படி: ஆண்டு சொல்லக்கூடிய முதல் மனிதரைப் பிடியுங்கள்

மூலத்தைப் பற்றி விவாதித்துக்கொண்டே இருந்தால் மரம் வளராது. குலத்தில் உறுதியாக ஆண்டும் செயலும் சொல்லக்கூடிய முதல் ஆள் யார் என்று தேடுங்கள். இந்தக் குலத்தில் அவர் லாம்பெர்ட்.

12ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில், 1130 வாக்கில், கிருபினாவுக்குப் பக்கத்தில் உள்ள ப்சோவீக்கில் ஒரு மடத்தை நிறுவியவர் அவர். மனைவி பெயர் சோஃபியா, மகன் பெயர் நிக்கோலாஸ். முதலில் பெனடிக்டின்களுக்காக எழுந்த மடம், அந்த நூற்றாண்டுக்குள்ளேயே பிரெமோன்ஸ்ட்ராடென்சியன் சபையின் கைக்கு மாறியது. லாம்பெர்ட்டின் முடிவு கொடுமையானது. பார்வை பறிக்கப்பட்ட இரண்டாம் பேலா மன்னரானபோது, போரிஸ் என்பவரும் அரியணைக்கு உரிமை கோரினார். 1132இல் ஷாயோ ஆற்றங்கரையில் நடந்த பிரபுக்கள் கூட்டத்தில் போரிஸின் ஆதரவாளர்கள் என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் லாம்பெர்ட்டும் ஒருவர், மகன் நிக்கோலாஸும் ஒருவர் என்று ஓவிய வரலாற்று நூல் சொல்கிறது.

மடம் நிறுவுவதை வெறும் பக்திச் செயலாக மட்டும் பார்க்காதீர்கள். குடும்ப மடம் என்றால் குடும்பக் கல்லறை, குடும்ப நினைவு, குடும்ப ஆவண அறை எல்லாம் அதுதான். ஹங்கேரி அரசில் பொது நோட்டரிகள் அதிகம் கிடையாது. அந்த வேலையை மடங்களும் பேராலய குருக்கள் குழுக்களும் செய்தன. நிலம் விற்றால், பங்கு பிரித்தால், வழக்கு போட்டால் அங்கே போய் முத்திரை வாங்குவார்கள். ப்சோவீக் மடமே அப்படி ஒரு சான்றளிக்கும் இடமாக இருந்தது. 1530இல் பாலாஷா குடும்பத்து ஸிகிஸ்முண்ட் துறவிகளை வெளியேற்றி அதைக் கோட்டையாக மாற்றினார். இன்று போனால் நீங்கள் பார்ப்பது அந்தக் கோட்டை மதில்களைத்தான்.

நான்காம் படி: குலப்பெயர் ஏன் பிழைத்தது என்று புரிந்துகொள்ளுங்கள்

13ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் ஒருவரைப் பற்றி எழுதும்போது 'இன்னார் மகன் இன்னார், ஹுன்ட்-போஸ்னன் குலத்தவர்' என்று எழுதுவது வழக்கமாகிறது. லத்தீனில் 'தே கெனெரே' என்று வரும் இடம் அதுதான். அந்த இரண்டு சொற்களைக் கண்டால் நின்று படியுங்கள். பெருமைக்காக மட்டும் எழுதியது அல்ல, சொத்துக்காக எழுதியது.

ஒரு கிளையில் ஆண் வாரிசு இல்லாமல் போனால் அந்த நிலம் குலத்தின் மற்றக் கிளைகளுக்குப் போகும். 1351இல் முதலாம் லூயிஸ் மன்னர் இதைச் சட்டமாகவே உறுதிப்படுத்தினார். பூர்வீக நிலத்தை இஷ்டப்படி விற்கவோ எழுதிவைக்கவோ முடியாது, உறவினர்களுக்கு உரிமை உண்டு. இந்த ஏற்பாடு 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தது. மகள்களுக்கு 'மகள் கால் பங்கு' என்ற வழக்கம் இருந்தது. தந்தையின் சொத்தில் நாலில் ஒரு பங்கு, பெரும்பாலும் பணமாகக் கொடுத்துவிடுவார்கள். மன்னர் தனி அனுமதி கொடுத்தால் மட்டும் ஒரு மகளை மகனுக்குச் சமமாக வைத்து நிலத்தையே கொடுக்கலாம். குலத்தில் யாருமே மிஞ்சவில்லை என்றால் எல்லாம் அரசனுக்குத் திரும்பும்.

ஆக, ஐந்தாறு தலைமுறைக்கு முந்திய பாட்டன் பெயரை ஒருவர் நீதிமன்றத்தில் சொல்கிறார் என்றால் அங்கே ஒரு கிராமமோ ஒரு ஆலையோ பங்குக்கு நிற்கிறது என்று பொருள். நமக்கு நல்லதுதான். வழக்குகளால்தான் வம்சாவளி எழுத்தில் மிஞ்சியது. ஆனால் வழக்கில் சொன்ன வம்சாவளியை எதிர்த்தரப்பும் ஒப்புக்கொண்டதா என்று பார்த்த பிறகே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: கிளைகளை நிலத்தை வைத்துப் பிரியுங்கள்

பலர் குடும்பப் பெயரை வைத்துக் கிளை பிரிக்கப் பார்ப்பார்கள். 13ஆம் நூற்றாண்டில் குடும்பப் பெயர் என்று நிலையாக ஒன்று கிடையாது. அப்பன் பெயர் உண்டு, குலப் பெயர் உண்டு, நிலத்தின் பெயர் உண்டு. இவற்றில் நிலம்தான் நகராமல் நிற்பது. யாருக்கு எந்த ஆண்டில் எந்தக் கோட்டை கிடைத்தது என்று பிடித்துவிட்டால் கிளை தானாகத் தெரியும். குலத்துக்குப் பல கிளைகள் உண்டு. மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது பீன்யா கிளை. ஹ்ரோன் ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் இந்த ஊரில் 1217இல் அமாடே என்ற குலத்தலைவர் ஒரு பிரெமோன்ஸ்ட்ராடென்சியன் மடத்தை ஏற்படுத்தினார். அதே ஆண்டில்தான் இரண்டாம் ஆந்திராஸ் மன்னர் சிலுவைப் போருக்குப் புறப்பட்டார். இரட்டைக் கோபுரங்களுடன் அந்த ரோமனெஸ்க் தேவாலயம் இன்றும் நிற்கிறது. பக்கத்தில் வட்ட வடிவில் ஒரு சிறு தேவாலயமும், ஊரைச் சுற்றி மிகப் பழைய மண் அரண்களும் இருக்கின்றன. ஸ்டீபனுக்கு வாள் கட்டிய இடம் இதுவே என்பது ஊர் மரபு. ஹ்ரோன் ஆறு என்று மட்டுமே நூல் சொல்கிறது, ஊர்ப்பெயரைச் சொல்லவில்லை.

இரண்டாவது, ஸ்வேட்டி யூர், பெசினோக் பிரபுக்கள். நித்ராவின் ஆளுநராக இருந்த தாமஸிடமிருந்து தொடங்குகிற வரிசை இது. 1208இல் பெசினோக் நிலமும் 1209இல் ஸ்வேட்டி யூரும் இவர்கள் கைக்கு வந்ததை அரச ஆவணங்கள் காட்டுகின்றன. ஸ்வேட்டி யூரைப் பெற்றவர் தாமஸின் மகன் ஷெபெஷ். இரண்டும் பிராட்டிஸ்லாவாவுக்குப் பக்கத்தில், சிறிய கார்பாத்திய மலைச்சரிவில், திராட்சைக்குப் பேர் போன ஊர்கள். எல்லை நிலம் என்பதால் மேற்கிலிருந்து வரும் படையை முதலில் சந்திப்பதும் இவர்களே. 1271இல் செக் மன்னர் இரண்டாம் ஓட்டகர் படையெடுத்தபோது இந்தப் பகுதிக் கோட்டைகள் அவர் கையில் விழுந்தன.

எல்லையில் வாழ்கிற பிரபுவுக்கு இரண்டு பக்கமும் உறவு இருக்கும். 1459இல் மத்தியாஸ் மன்னரை எதிர்த்த பிரபுக்கள் ஹாப்ஸ்பர்க் பேரரசர் மூன்றாம் ஃப்ரெடெரிக்கை ஹங்கேரி மன்னராகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த அணியில் ஸ்வேட்டி யூர் பிரபுக்களும் இருந்தார்கள். பின்னால் மத்தியாஸுடன் சமாதானமானார்கள். இந்தக் கிளையின் உச்சம் பீட்டர். 1498 முதல் 1510 வரை டிரான்சில்வேனியாவின் ஆளுநர், 1500 முதல் 1517இல் இறக்கும் வரை நாட்டின் தலைமை நீதிபதி. ஆனால் அதற்குப் பிறகு ஒரு தலைமுறைதான். 1543இல் கிறிஸ்டோஃப் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததோடு கிளை முடிந்தது, நிலம் அரசுக்குத் திரும்பியது. 1647இல் ஸ்வேட்டி யூரும் பெசினோக்கும் சுதந்திர அரச நகரங்களாயின. ஒரு கிளை முடிந்த தேதி உங்களுக்குத் தெரிந்தால், அதற்குப் பிறகு அந்தப் பெயரில் வரும் எவரையும் அந்த மரத்தில் ஒட்டாமல் இருக்கலாம். அதனால் பிறந்த தேதியைவிட முடிந்த தேதியை நான் முதலில் தேடுவேன்.

மூன்றாவது கிளை எல்லாவற்றிலும் நீண்டு வாழ்ந்தது: ஃபோர்காச். ஹங்கேரியத்தில் இந்தச் சொல்லுக்கு மரச்சீவல் என்று பொருள். இவர்கள் மூதாதை இவாங்காவின் மகன் ஆந்திராஸ். 1241 ஏப்ரல் 11 அன்று மோஹியில் மங்கோலியர்களிடம் ஹங்கேரிப் படை சிதறியபோது, மன்னர் நான்காம் பேலா தப்பிப்பதற்குத் தன் குதிரையைக் கொடுத்தவர் என்று குடும்பம் இவரைக் கொண்டாடியது. மோஹி இருப்பதும் ஷாயோ ஆற்றங்கரையில்தான். லாம்பெர்ட் வெட்டுப்பட்ட அதே ஆறு. கல்கோட்டைகளை மங்கோலியர்களால் எளிதில் பிடிக்க முடியவில்லை என்று கண்ட மன்னர், போருக்குப் பின் பிரபுக்களைக் கோட்டை கட்டச் சொல்லி ஊக்கினார். நித்ராவுக்கு வடகிழக்கே யெலெனெட்ஸ் கிராமத்துக்கு மேலே உள்ள கீமெஷ் கோட்டை அப்படி 1250களில் எழுந்தது.

இங்கே நிலத்தைப் பின்தொடரும் முறை ஒரு சோதனைக்கு உள்ளாகிறது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கு ஸ்லோவாக்கியாவைத் தன் பிடியில் வைத்திருந்த மத்தூஷ் சாக் கீமெஷைப் பறித்துக்கொண்டார். 1321இல் அவர் இறந்ததும் கோட்டை அரசனிடம் போனது, குடும்பத்துக்குத் திரும்பவில்லை. இரண்டு தலைமுறைக்கு மேல் ஃபோர்காச்கள் தங்கள் கோட்டை இல்லாமல் இருந்தார்கள். 1386 பிப்ரவரியில், மரியா அரசிக்குப் போட்டியாக முடிசூடிய டுராஸோவின் சார்லஸை பூடா அரண்மனையில் வாளால் தாக்கியவர் பிளேஸ் ஃபோர்காச். அதற்குப் பரிசாகத்தான் கீமெஷ் திரும்பக் கிடைத்தது. ஆனால் அதே ஆண்டு ஜூலையில் குரொவேஷியப் பக்கத்துப் பிரபுக்கள் கோர்யானி அருகே மரியா அரசியும் அவர் தாயும் சென்ற பரிவாரத்தை மறித்தபோது பிளேஸ் கொல்லப்பட்டார். கோட்டை மட்டும் குடும்பத்தோடு 20ஆம் நூற்றாண்டு வரை இருந்தது. நிலம் கைவிட்டுப் போன காலத்தில் கிளை அழிந்துவிட்டது என்று முடிவுகட்டக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அப்படிப்பட்ட இடைவெளியில் அப்பன் பெயரையும், கையில் மிஞ்சிய சிறு கிராமங்களையும் பிடித்துக்கொண்டு நகர வேண்டும்.

ஆறாம் படி: ஒரே பெயர்களைப் பிரித்தெடுங்கள்

ஃபோர்காச் குடும்பத்தில் இரண்டு ஃபெரென்ட்ஸ் இருக்கிறார்கள், இருவருமே ஆயர்கள். ஒருவர் வாராட் ஆயராக இருந்து தன் காலத்து வரலாற்றை எழுதியவர், 1577இல் இறந்தார். மற்றவர் 1607 முதல் எஸ்டெர்கோம் பேராயர், பிறகு கர்தினால், 1615இல் இறந்தார். முன்னவர் பின்னவருக்குச் சித்தப்பா முறை. கர்தினாலின் சகோதரர் ஸிகிஸ்முண்ட் 1618 முதல் 1621 வரை நாட்டின் பாலடைன், அதாவது மன்னருக்கு அடுத்த பதவி. ஸிகிஸ்முண்டின் மகன் ஆடம்தான் 1663இல் நோவே ஸாம்கி கோட்டையை ஒட்டோமான்களிடம் ஒப்படைக்க வேண்டி வந்த தளபதி.

கர்தினால் ஃபோர்காச்சுக்குப் பிறகு பேராயரானவர் பீட்டர் பாஸ்மான். பாஸ்மான் என்ற பெயரைப் பார்த்ததும் 'அட, இவரும் நம் குலம்தானே!' என்று கோடு இழுக்கக் கை பரபரக்கும். பெயர் ஒற்றுமையை மட்டும் வைத்து இழுக்காதீர்கள். அப்பன், பாட்டன், நிலம் என்று ஒவ்வொரு கண்ணியாகக் கோர்க்க முடிந்தால் மட்டும் எழுதுங்கள். கேடயச் சின்னங்களும் இதே மாதிரிதான். ஸ்வேட்டி யூர் பிரபுக்கள் ஆறுமுனை நட்சத்திரத்தை வைத்திருந்தார்கள், ஃபோர்காச்கள் முடி சூடிய பெண்ணுருவத்தை வைத்திருந்தார்கள். ஒரே குலம், இரண்டு சின்னம். சின்னத்தைத் துணைச் சான்றாக வைத்துக்கொள்ளலாம், மூலச் சான்றாக அல்ல.

ஏழாம் படி: ஆவணத்தைக் கண்ணால் பாருங்கள்

இதற்கு இப்போது பயணம் போகவேண்டிய அவசியமில்லை. 1526க்கு முந்திய ஹங்கேரி அரசின் ஆவணங்களை ஹங்கேரி தேசிய ஆவணக் காப்பகம் படங்களாகவே இணையத்தில் வைத்திருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேல். ஸ்லோவாக்கியக் காப்பகங்களில் உள்ள பலவற்றின் நிழற்படங்களும் அதே தொகுப்பில் இருக்கின்றன. முதலில் ஊரின் ஹங்கேரியப் பெயரைப் போட்டுத் தேடுங்கள், பிறகு லத்தீன் வடிவத்தை. ஒவ்வோர் ஆவணத்திலும் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொண்டால் போதும்: தேதி, எழுதிக் கொடுத்த இடம், பேசப்படும் நிலம், சாட்சிகள். சாட்சிகளை விட்டுவிடாதீர்கள். பக்கத்து நிலத்துக்காரர்தான் சாட்சிக்கு வருவார், பல நேரம் அவர் பங்காளியாகவும் இருப்பார்.

கையிலிருப்பது மூல ஓலையா, பிற்காலப் பிரதியா என்பதையும் எழுதிவையுங்கள். நித்ராவின் ஸோபோர் மடத்தைப் பற்றிய 1111, 1113 ஆண்டுச் சாசனங்கள் ஸ்லோவாக்கியாவில் இருக்கும் மிகப் பழைய மூல ஆவணங்கள். அதற்கு முந்திய தேதியைத் தாங்கி வரும் எதையும் படிக்கும்போது ஒரு கண் எச்சரிக்கையாகவே இருக்கட்டும்.

கடைசிப் படி: மரத்தை வரையுங்கள்

பென்சிலில் வரையுங்கள். ஆவணம் இருக்கும் உறவுக்கு முழுக்கோடு, ஊகத்துக்குப் புள்ளிக்கோடு. லாம்பெர்ட்டிலிருந்து நிக்கோலாஸுக்கு முழுக்கோடு. தாமஸிலிருந்து ஷெபெஷுக்கு, இவாங்காவிலிருந்து ஆந்திராஸுக்கு, ஸிகிஸ்முண்டிலிருந்து ஆடமுக்கு முழுக்கோடு. ஸ்வேட்டி யூர் கிளையின் அடியில் 1543 என்று எழுதிக் கிளையை அங்கேயே முடித்துவிடுங்கள். கீமெஷுக்கு எதிரே 1321 முதல் 1386 வரை 'அரசனிடம்' என்று ஓரத்தில் குறியுங்கள். உச்சியில் ஹுன்ட், போஸ்னன் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அவர்களிடமிருந்து லாம்பெர்ட்டுக்கு வரும் கோடு புள்ளிக்கோடு. அந்த இருவருக்கும் இடையே சகோதரர் என்று காட்டும் கோடும் புள்ளிக்கோடுதான்.